இடது பக்கம் போன நீலக் கார்

உள்ளங்கையை டயரின் மேல் வைத்து உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போனது. அதே கையை வெளியிலிருந்து உள்ளே இழுத்தால், மீனை வாலிலிருந்து தலைக்குத் தடவியதுபோல ரப்பர் முள்முள்ளாய் விரலைப் பிடித்தது. எங்கள் நீலக் காரின் இடது முன்சக்கரம் அது. மே மாத வெயிலில் டயர் சுட்டது, கை முழுக்கக் கறுப்பு, மூக்கு நிறைய ரப்பர் வாடை. பதினொரு வயதில், வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், காருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அந்தச் சக்கரத்தை எத்தனை முறை முன்னும் பின்னுமாகத் தடவியிருப்பேனோ தெரியாது. வலது சக்கரத்தையும் போய்த் தடவினேன். அதிலும் முள் இருந்தது, இந்த அளவுக்கு இல்லை. முந்தின நாள்தான் அம்மா டிரைவிங் டெஸ்டில் தோற்றுப்போய் வந்திருந்தாள். அவள்மேல் தப்பில்லை என்று சொல்ல எனக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது போலிருந்தது.

எங்கள் வீடு படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையை ஒட்டிய சின்னக் காலனியில் இருந்தது. அப்பா தேவராஜ், கார்க் கதவுத் தகடுகளை அச்சில் வைத்து அழுத்தும் ஒரு கம்பெனியில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போய்வந்தார். அம்மா எஸ்தர், கார்களுக்குள் ஓடும் ஒயர்களை அளந்து வெட்டிக் கட்டுக் கட்டாக அனுப்பும் இன்னொரு கம்பெனியில் ஏழு வருடம் நின்றபடியே வேலை பார்த்தவள். அந்த வருடத் தொடக்கத்தில் அவளுடைய ‘லைனை’ மூடி, அதில் நின்றவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா அழுத்திய கதவும் அம்மா கட்டிய ஒயரும் மாட்டிய புத்தம் புது வண்டிகள் பெரிய டிரெய்லர்களில் ஏறி எங்கள் வாசல் வழியே தினமும் போகும். எங்களுடையதோ என்னைவிட வயதில் மூத்த, நாலாவது கைமாறி வந்த பழைய கார். ஹாரன் அடித்தால் வைப்பரும் சேர்ந்து ஆடும். ஆனாலும் எங்கள் காலனியில் அது ஒன்றுதான் கார் என்பதால் எனக்கு அதைப் பற்றிப் பெருமை தாங்காது.

அம்மாவுக்கு லைசென்ஸ் ஒரு விளையாட்டு ஆசை இல்லை. அவளுடைய கம்பெனியின் முதலுதவி அறைக்கு வந்துபோன ஒரு பெண் டாக்டர், மணிமங்கலத்தில் சொந்தக் கிளினிக் திறந்திருந்தார். தெற்கிலிருந்து வேலைக்கு வந்து ஹாஸ்டல்களில் தங்கியிருக்கும் பெண்களை அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும், அதற்குத் தன் காரை ஓட்ட ஒரு பெண் இருந்தால் நல்லது என்று அவருக்கு எண்ணம். உனக்கு நிதானம் இருக்கிறது எஸ்தர், லைசென்ஸோடு வா, மே மாதம் முடியும்வரை வேறு யாரையும் பார்க்காமல் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவிடம் கார் ஓட்டப் பழகினாள். தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று முன்கூட்டியே போட்டு வைத்த, அகலமான, ஆளே இல்லாத சாலைகள் அப்போது ஒரகடத்தைச் சுற்றி நிறைய இருந்தன. மாடுகளும் நாங்களும்தான் அவற்றில் போய்வந்தோம்.

டெஸ்ட் நடந்த மைதானத்தில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே நேராக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். வேலியோரத்தில் அப்பாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஸ்டியரிங்கைச் சொல்லிக் கொடுத்தபடியே நேராகப் பிடித்திருந்தாள். கார் மட்டும் பாதி தூரத்திலேயே மெல்ல மெல்ல இடது பக்கம் சாய்ந்து, கோட்டின் மேல் ஏறி, சுண்ணாம்பை அழித்துக்கொண்டு போய் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. “கையில உறுதி இல்லம்மா. ஒரு வாரம் கழிச்சு வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசையில் நின்ற சில ஆண்கள் சிரித்தார்கள். அம்மா இறங்கி வந்து, சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். தான் ஓட்டும்போது வண்டி நூல் பிடித்தமாதிரிப் போகிறது, இவளுக்குத்தான் பயத்தில் கை உதறுகிறது என்றார். அப்பா கெட்டவர் இல்லை. தனக்குத் தெரிந்ததைப் பற்றிச் சந்தேகமே வராத மனிதர். அம்மா மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு வந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. பார்வையை முன்னால் திருப்பியபோதுதான் அதைக் கண்டேன். சாலை நேராகப் போகிறது, காரும் நேராகப் போகிறது, ஆனால் அப்பாவின் கையில் ஸ்டியரிங் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. குறுக்குக் கம்பி படுக்கையாக இருக்க வேண்டியது, சரிந்த தராசுபோல நிற்கிறது. அதைச் சொன்னேன். “யேய் ஜெனி, கம்முனு ஒக்காரு” என்றார் அப்பா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மறுநாள் டயரைத் தடவிப் பார்த்தது அதனால்தான். தடவியதும் ஓடிப்போய்ச் சொன்ன இடம் எங்கள் மாடி அறை. அங்கே வாடகைக்கு இருந்த சுடலைமுத்து, நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர், இருபத்து மூன்று வயது இருக்கும். ஒரு கார் கம்பெனியில் முன்சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் பள்ளத்தில், அதாவது ‘அலைன்மென்ட் பிட்’டில், வேலை. தூக்கம் கலையாத முகத்தோடு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தவர், டயரை ஒரு தடவை தடவினார், ஸ்டியரிங்கை நேராக வைத்துவிட்டுக் காருக்கு முன்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு அடுப்படிச் சன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“அக்கா, ஒங்க கையி நல்லாத்தான்க்கா இருக்கு. சக்கரம்லா வெளிய பாத்துக்கிட்டு நிக்கி.”

அம்மா ஈரக்கையோடு வெளியே வந்தாள். சுடலை அண்ணன் சொன்னதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். இதில் இடது சக்கரத்தின் மூக்கு மட்டும் வெளியே திரும்பியிருக்கிறது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் கார் இடது பக்கம் போகும். நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் கொஞ்சம் சாய்த்தே பிடிக்க வேண்டும். தினமும் ஓட்டுகிறவருக்கு அது கையில் படிந்துவிடும், தான் சாய்த்துப் பிடிப்பதே தெரியாது. நேராகப் பிடி என்று பாடம் கேட்டு அப்படியே பிடித்தவள்தான் மாட்டிக்கொண்டாள். ஆளில்லாத அகலச் சாலையில் வண்டி ஒதுங்கியது யாருக்கும் தெரியவில்லை, சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவில்தான் தெரிந்தது. அம்மா, “அப்ப இத சரி பண்ணலாமா?” என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அப்பா, முணுமுணுத்துக்கொண்டே, நெடுஞ்சாலையோர அலைன்மென்ட் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் அடியில் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் ‘டை ராடு’ அடிபட்டு லேசாக வளைந்திருக்கிறது, அதைப் பூட்டியிருக்கும் ‘லாக் நட்’ துருவேறி இறுகிவிட்டது, திருப்பினால் உடையும், புது ராடு மாட்ட வேண்டும் என்றார். இவ்வளவு பழைய வண்டிக்குச் சாமான் சென்னையில் தேடித்தான் எடுக்க வேண்டும், பத்து நாளாவது ஆகும். டெஸ்ட் வருகிற புதன்கிழமை. டாக்டர் சொன்ன கெடு அதற்கு இரண்டு நாள் கழித்து, அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. டிரைவிங் ஸ்கூல்காரரோ தன்னிடம் படித்தவர்களுக்கு மட்டும்தான் டெஸ்டுக்குக் கார் தருவார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அம்மா சுடலை அண்ணனைக் கூப்பிட்டு, இதை நாமே செய்ய முடியுமா என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். கம்பெனியில் அவர் இதைத் தினமும் செய்கிறார், உண்மைதான். ஆனால் அங்கே சக்கரத்தை மிஷின் பார்க்கும், திரையில் சிவப்பு விளக்கு எரியும், அது பச்சையாகும்வரை ஸ்பேனரைத் திருப்ப வேண்டியதுதான் அவர் வேலை. எத்தனை மில்லிமீட்டர், எங்கிருந்து எங்கே என்பதெல்லாம் மிஷினுக்குத்தான் தெரியும். “அளக்கதுக்கு ஆளு வேணும்க்கா” என்றார்.

அம்மா ஏழு வருடம் ஒயர் அளந்தவள். “அத நான் பாத்துக்கறேன்” என்றாள். அந்த நிமிடத்தில் அவளுடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். கம்பெனிக்குப் போன நாட்களில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது இருந்த முகம் அது, நாலு மாதமாக நான் காணாதது.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் வந்து, ஞாயிற்றுக்கிழமைச் சேலையை மாற்றிப் பழைய நைட்டியின்மேல் அப்பாவின் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மா வாசலில் இறங்கினாள். எங்கள் வாசலில் சிமென்ட் போட்ட சமதளம் இருந்தது நல்லதாகப் போயிற்று. நாலு டயருக்கும் ஒரே அளவு காற்று அடித்து வைத்திருந்தோம். காரின் இரண்டு பக்கமும், சக்கரத்தின் நடுமட்டத்து உயரத்தில், நாலு பெயின்ட் டப்பாக்களின் மேல் செங்கல் அடுக்கி, மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டினோம். பின்சக்கரத்தின் நடுவிலிருந்து நரம்புக்கு எவ்வளவு தூரம், முன்சக்கரத்தின் நடுவிலிருந்து எவ்வளவு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அது ஒத்துப்போகிறதா என்று அம்மா இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்ப்பாள், ஒரு செங்கல்லை நகத்தளவு தள்ளச் சொல்வாள், மறுபடி பார்ப்பாள். நான் எண்களை நோட்டில் எழுதினேன். அவள் அவசரப்படவே இல்லை, எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

அளக்கும் நேரம் முழுவதும் ஸ்டியரிங் அசையாமல் நேராக இருக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் வேண்டும். அம்மா அப்பாவைப் பார்த்தாள். “நீங்க உள்ள ஒக்காந்து நேரா புடிங்க. ஆட்டக் கூடாது” என்றாள். அப்பா ஏறி உட்கார்ந்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இடது சக்கரத்தில் முதல் அளவு எடுத்தாள். சக்கர வளையத்தின் பின் விளிம்பிலிருந்து நரம்புக்கு எவ்வளவு, முன் விளிம்பிலிருந்து எவ்வளவு. முன்பக்கம் ஆறு மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. வலது சக்கரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஸ்கேலைக் கையில் பிடித்தபடி அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மில்லி, ஆறு மில்லி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுடைய பழைய வேலையில் இரண்டு மில்லி கூடினால் ஒயரைத் தூக்கி எறிவார்களாம்.

காருக்குள்ளிருந்து அப்பா மெதுவாகப் பேசினார். மார்ச் மாதத்தில் குன்றத்தூரிலிருந்து வரும்போது ஒரு கல்வெர்ட்டுப் பக்கத்தில் பெரிய பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கி, ‘டமார்’ என்று சத்தம் வந்ததாம். இறங்கிப் பார்த்தாராம், டயர் நன்றாக இருந்ததாம், அதனால் யாரிடமும் சொல்லவில்லையாம். “நாந்தான் வுட்டுட்டேன் எஸ்தரு” என்றார். அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு, ஸ்டியரிங் லேசாக ஆடுகிறது, ஒழுங்காகப் பிடியுங்கள் என்றாள்.

லாக் நட் கடைக்காரர் சொன்னபடியே அசையவில்லை. சனிக்கிழமையே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டிருந்தோம். காரை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் கட்டைகளை முட்டுக்கொடுத்து, சுடலை அண்ணன் சுத்தியலால் நட்டைச் சுற்றிலும் மெல்லத் தட்டினார். அடிபம்பின் துண்டுக் குழாய் ஒன்றை ஸ்பேனரின் வாலில் செருகி நீளமாக்கி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை மண்ணெண்ணெய், இன்னொரு தடவை தட்டல். மூன்றாவது முறை ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. ராடுதான் உடைந்தது என்று நினைத்தோம். “கழண்டுட்டு” என்றார் அவர். நான் காலனி முழுவதும் கேட்கக் கத்தினேன். அதுவரை ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரர்கள் கிட்டே நெருங்கி வந்தார்கள்.

ராட்டைத் திருப்புவதை அம்மாவே செய்தாள். தரையில் சாக்கை விரித்துப் படுத்து, கையை உள்ளே விட்டு, பாதிச் சுற்று. காரை இறக்கி, சக்கரம் தரையில் சரியாக உட்காருவதற்காக எல்லோருமாகக் கொஞ்ச தூரம் பின்னால் தள்ளி, மறுபடி முன்னால் தள்ளி, நரம்பைச் சரிபார்த்து அளந்தால், ஆறு இருந்தது எட்டாகியிருந்தது. எல்லோருடைய முகமும் தொங்கிப்போனது. “அப்ப அந்தப் பக்கம் திருப்பணும், அவ்ளோதான” என்று அம்மா மறுபடி படுத்தாள். மறுபடி ஜாக்கி, மறுபடி தள்ளல், மறுபடி நரம்பு. ஆறு. பிறகு நாலு. பிறகு இரண்டு. ஒவ்வொரு எண்ணையும் நான் உரக்கப் படித்தேன். வாசலில் நின்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டார்கள். கடைசியில் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒன்றாக வந்தபோது சுடலை அண்ணன், முன்பக்கம் ஒரே ஒரு மில்லி உள்ளே பார்த்தால் ஓடும்போது சரியாக நிற்கும் என்றார். அம்மா கால்வாசிச் சுற்று திருப்பினாள். லாக் நட்டை இறுக்கினார்கள். தேய்ந்த டயர்கள் இரண்டையும் பின்னால் மாற்றிவிட்டோம். அப்பா கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்த கையோடு இருந்தார். இறங்கியபோது விரல்களை நீட்ட முடியவில்லை.

சாயங்காலம் நாலு பேரும் ஏறி அந்த அகலச் சாலைக்குப் போனோம். முதலில் அப்பா ஓட்டினார். கிளம்பின உடனே கார் வலது பக்கமாகச் சாலை நடுவுக்குப் போனது. அவர் இழுத்து நேராக்கினார், மறுபடி வலது பக்கம் போனது. இரண்டு மாதமாகச் சாய்த்துப் பிடித்த கை, சாய்த்தே பிடித்தது. நூல் பிடித்தமாதிரி ஓட்டுகிறவர் பாம்புபோல நெளிந்து ஓட்டுவதைப் பார்த்து அம்மா முதலில் வாயைப் பொத்தினாள், பிறகு பொத்தவில்லை. அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. அப்பாவும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சேர்ந்து சிரித்தார், பிறகு இறங்கிச் சுற்றிவந்து இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

அம்மா ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தாள். கியரை மாற்றினாள், வேகம் எடுத்தது. ஸ்டியரிங்கின் குறுக்குக் கம்பி படுக்கையாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நின்றது. சாலை எதிரே காலியாகக் கிடந்தது. “கைய எடுங்கக்கா” என்றார் சுடலை அண்ணன். அம்மா ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் ஒரு விரற்கடை தூக்கினாள். கார் போய்க்கொண்டே இருந்தது. இடதும் போகவில்லை, வலதும் போகவில்லை, யாரோ முன்னால் கயிறு கட்டி இழுப்பதுபோல நேராகப் போனது. நான் பின்சீட்டில் எழுந்து நின்று கூரையில் தலை இடித்ததுகூட உறைக்காமல் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று வரை எண்ணினேன். அப்பாதான் போதும் போதும் என்று பதறி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

புதன்கிழமை அதே மைதானம், அதே இன்ஸ்பெக்டர். புதிதாகப் போட்ட இரண்டு சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவில் அம்மா போய் நின்றாள், திரும்பினாள், சாலையில் ஒரு சுற்று ஓட்டிக்காட்டி வந்து நிறுத்தினாள். சுண்ணாம்பில் ஒரு பொட்டுகூட அழியவில்லை. நாங்கள் காருக்குப் பக்கத்தில் ஓடிப்போய் நின்றோம். இன்ஸ்பெக்டர் தாளில் எழுதிக்கொண்டே, இந்த வாரம் கை நன்றாக இருக்கிறதே என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அம்மா சிரித்துவிட்டு வந்திருக்கலாம்.

“கை போன வாரமும் நல்லாத்தான் சார் இருந்துச்சு. காருதான் சரியில்ல, சரி பண்ணி எடுத்துனு வந்தேன்” என்றாள்.

அவர் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். யார் சரி பண்ணியது என்று கேட்டார். அம்மா வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார்: “அவதான் சார்.”

வெள்ளிக்கிழமை காலை அம்மா மணிமங்கலம் போனாள். டாக்டர் தன் காரில் அவளோடு ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார். எங்கள் காருக்குப் புது ராடும் சொன்னபடியே வந்து சேர்ந்தது, மாட்டினோம்.

அதெல்லாம் நடந்து பதினாறு வருடம் ஆகிறது. நீலக் கார் நான் பத்தாவது படிக்கும்போது செங்கல்பட்டுக்காரர் ஒருவரிடம் போனது, அப்புறம் என்ன ஆயிற்றோ. நரம்பு கட்டிய வாசலில் இப்போது வாடகைக்கு விட்ட மூன்று அறைகள் நிற்கின்றன. அம்மா கையைத் தூக்கி ஓட்டிய அகலச் சாலையில் இன்று கையைத் தூக்கினால் அடுத்த நொடி கன்டெய்னர் லாரியின் அடியில்தான் கிடக்க வேண்டும்; இரண்டு பக்கமும் வேலிகள், கேட்டுகள், ஷிப்ட் பஸ்கள். சுடலை அண்ணன் கல்யாணம் முடிந்து ஊரோடு போய்விட்டார், கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வார். அந்தச் சுண்ணாம்புக் கோடுகளும் போயின. சென்ற ஆண்டு லைசென்ஸைப் புதுப்பிக்க அம்மாவை நான்தான் அழைத்துப்போனேன். மைதானத்தில் கம்பம் நட்டுக் கேமரா பொருத்திய தளம் போட்டிருந்தார்கள், வண்டி கோட்டைத் தொட்டால் எங்கோ உள்ளே மணி அடிக்கிறது. கவுன்டரில் என் வயதுப் பெண் ஒருத்தி கம்ப்யூட்டரில் விவரங்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். பெயர் கேட்டாள், வயது கேட்டாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே, ஹவுஸ் ஒய்ஃப்தானே என்று கேட்டுக்கொண்டே அதையும் தட்டிவிட்டாள்.

“டிரைவரும்மா” என்றாள் அம்மா. அந்தப் பெண் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு அதை அழித்துவிட்டுத் திருத்தி அடித்தாள்.